கேஸ் தீர்ந்துபோச்சா, கசிந்துபோச்சா?

சித்திரை பிறந்துவிட்டால் கரிசல் பூமியில் இரண்டு விஷயங்கள் வெடிக்கும். ஒன்று நிலம். இன்னொன்று, ஏ.சி. வேலை செய்யாத கார் வைத்திருப்பவரின் பொறுமை!

விளாத்திகுளம் தாலுகா புதூரை எடுத்துக்கொள்வோம். உளுந்து, பாசிப்பயறு, மல்லி, மக்காச்சோளம், வத்தல் எல்லாம் வீடு வந்து சேர்ந்திருக்கும். மானத்தை நம்பிய நிலம் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பெரியவர், விமான நிலையத்துக்குப் போக வேண்டிய வெளிநாட்டுப் பையன், திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போகும் குடும்பம் என்று எல்லோருக்கும் வாடகைக் கார்தான் துணை. ஏ.சி. வேலை செய்யவில்லை என்றால் பயணி சண்டை போடுவதில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுப் பேசாமல் வருவார். அடுத்த தடவை வேறு காருக்குப் போன் போட்டுவிடுவார். அவ்வளவுதான்.

அதனால் ஓட்டுநர் அருப்புக்கோட்டைக்கோ கோவில்பட்டிக்கோ வண்டியைக் கொண்டு ஓடுகிறார். பானெட்டைத் திறந்த ஐந்தாவது நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும்.

“கேஸ் தீந்துபோச்சு அண்ணாச்சி. ஏத்திருவமா?”

“ஏத்திருங்க.”

பணம் கைமாறுகிறது. ஜில்லென்று காற்று வருகிறது. எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த சித்திரையில் அதே கார், அதே பானெட், அதே வசனம்!

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். கார் ஏ.சி.யில் கேஸ் ‘தீர்வது’ கிடையாது. வருஷா வருஷம் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைப் பார்க்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது. அதைக் கடையில் செய்தாலும் தப்பு, இணையத்தில் டப்பா வாங்கி வீட்டு வாசலில் செய்தாலும் தப்பு.

பெட்ரோல் வேறு, கேஸ் வேறு

‘தீர்ந்துபோச்சு’ என்ற வார்த்தையை நாம் ஏன் இவ்வளவு சுலபமாக நம்புகிறோம்? பெட்ரோல் தீர்கிறது. அடுப்பு சிலிண்டர் தீர்கிறது. ஆகவே ஏ.சி. கேஸும் தீரும் என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. ஆனால் பெட்ரோலும் அடுப்பு கேஸும் எரிகின்றன. ஏ.சி. கேஸ் எரிவதில்லை. சுற்றுகிறது.

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் மேலே கசியும் ஈரம் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. கார் ஏ.சி.யும் அதே தத்துவம்தான். ஒரே வித்தியாசம், பானையில் ஆவியானது காற்றோடு போய்விடும். காரில் ஆவியானதைப் பிடித்து, மறுபடியும் திரவமாக்கி, மறுபடியும் அனுப்புகிறார்கள்.

இன்று ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். சாதாரண காற்றழுத்தத்தில் அது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அது ஆவியாகும்போது காருக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சுகிறது. கம்ப்ரசர் அதை இழுத்து அழுத்துகிறது. முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சர் அந்தச் சூட்டை வெளியே தள்ளி, கேஸைத் திரவமாக்குகிறது. டிரையர் ஈரத்தை உறிஞ்சி எடுக்கிறது. எக்ஸ்பான்ஷன் வால்வு அளந்து உள்ளே விடுகிறது. மறுபடியும் கூலிங் காயில். இத்தனைக்கும் ஒரு சின்னக் காரில் இருக்கும் மொத்த கேஸ் அரைக் கிலோகூட இருக்காது!

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் வழியாகவும் வருஷத்துக்குச் சில கிராம் போவது சகஜம். பல வருஷம் ஓடிய காரில் ஒருமுறை கேஸ் குறைந்திருந்தால் அதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஆனால் போன வருஷம் ஏற்றியது இந்த வருஷம் இல்லை என்றால் அது சகஜம் அல்ல, ஓட்டை.

கறுப்பு மண் செய்யும் வேலை

குளிர்ச்சி குறைந்தாலே கேஸ்தான் காரணம் என்பது அடுத்த மூடநம்பிக்கை. புதூர் வட்டாரத்தில் ஏ.சி.க்கு முதல் எதிரி தூசி. கரிசல் மண் மாவு போல நைசானது. வெயில் காலத்தில் ஒரு லாரி முன்னால் போனால் பின்னால் வரும் காரின் மூக்கு முழுக்க அப்பிக்கொள்ளும். அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே களம் போட்டு மல்லியையும் பயறையும் காயப்போடும் ஊர்கள் இவை. அந்தத் தூசியும் தும்பும் பறந்து போய் உட்காரும் இடம் கண்டன்சர்தான். கண்டன்சர் அடைத்துக்கொண்டால் சூடு வெளியே போகாது. சூடு வெளியே போகாவிட்டால் குளிர் உள்ளே வராது. இதற்குக் கேஸ் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

ஒர்க்ஷாப்புக்குப் போவதற்கு முன் வீட்டு வாசலிலேயே, பத்து பைசா செலவில்லாமல், எவரும் பார்க்கக்கூடியவை சில உண்டு.

1. எஞ்சின் ஆறிய பிறகு கண்டன்சரைப் பாருங்கள். தூசி அடைத்திருந்தால் தோட்டத்துக் குழாய்த் தண்ணீரால் மெதுவாகக் கழுவலாம். வாட்டர் சர்வீஸ் பிரஷரைக் கிட்டத்தில் வைத்து அடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும்.

2. பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் கேபின் ஃபில்டர் இருக்கும். காற்று வேகமே குறைவாக வந்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். சில பழைய மாடல்களில் ஃபில்டரே கிடையாது. அப்படியானால் தூசி நேராகக் கூலிங் காயிலில் போய்ப் படியும்.

3. ஏ.சி.யைப் போட்டதும் முன்பக்க ஃபேன் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். ஓடும்போது ஜில்லென்று இருந்து, ரயில்வே கேட்டில் நின்றதும் சூடாகிறதா? ஃபேன் அல்லது கண்டன்சர்தான் குற்றவாளி. கேஸ் மேல் பழி போட வேண்டாம்.

4. பட்டனை அழுத்தியதும் ‘டக்’ என்று கம்ப்ரசர் கிளட்ச் பிடிக்கும் சத்தம் கேட்கிறதா? கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே இரண்டையும் பாருங்கள். (சில புதிய கார்களில் கிளட்ச் இல்லாத கம்ப்ரசர் வருகிறது. அதில் இந்தச் சத்தமே இருக்காது.)

5. கொஞ்ச நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றே நின்று, ஏ.சி.யை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால் மறுபடி குளிர்கிறதா? உள்ளே ஐஸ் கட்டுகிறது. மெக்கானிக்கிடம் இதை இப்படியே சொன்னால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

6. காருக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம். அது நல்ல அறிகுறி. காருக்குள் மிதியடியில் தண்ணீர் நின்றால்தான் வடிகுழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

7. கடைசியாக, எஞ்சினை அணைத்துவிட்டு ஏ.சி. பைப்புகளின் இணைப்புகளைப் பாருங்கள். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்துதான் சுற்றுகிறது. கசியும் இடத்தில் அந்த ஆயிலும் லேசாக வெளியே வரும். ஆயில் வந்த இடத்தில் கரிசல் தூசி ஒட்டி, கறுப்பாகப் பிசுபிசுவென்று நிற்கும். எந்த ஊர் மண் தொந்தரவு கொடுக்கிறதோ அதே ஊர் மண் ஓட்டையையும் காட்டிக்கொடுக்கிறது!

வீட்டில் செய்யும் வைத்தியம் இத்தோடு முடிய வேண்டும். இதற்கு மேல் ‘கேஸ் ஏற்றுவது’ என்ற கட்டத்துக்குள் நுழைந்தால் அது சுய வைத்தியம்.

அந்தச் சின்ன டப்பா

இணையத்தில் ஆர்-134ஏ கேன் கிடைக்கிறது. கூடவே ஒரு குழாய், வண்ணம் பூசிய ஒரு சின்ன கேஜ். மாட்டு, திற, முள் பச்சையில் நின்றால் போதும் என்று வீடியோக்களும் கிடைக்கின்றன. ஒர்க்ஷாப் செலவில் பாதி! ஊரைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. ஒருநாள் வாடகை நஷ்டமும் இல்லை. புதூரில் இருப்பவருக்கு இது நியாயமான ஆசைதான். அப்புறம் ஏன் கூடாது?

முதல் காரணம், அந்த முள் காட்டுவது அழுத்தத்தை. அளவை அல்ல. அடுப்பு சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். நிறைந்த சிலிண்டரிலும் கால்வாசி சிலிண்டரிலும் தீ ஒரே மாதிரிதான் எரிகிறது. எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமானால் தூக்கித்தான் பார்க்க வேண்டும். ஆர்-134ஏவும் அப்படித்தான். எஞ்சின் அணைந்திருக்கும்போது, உள்ளே கொஞ்சமாவது திரவம் இருந்தால், 35 டிகிரி வெயிலில் கேஜ் சுமார் 110 பி.எஸ்.ஐ. காட்டும். 200 கிராம் இருந்தாலும் அதே, 400 கிராம் இருந்தாலும் அதே! எஞ்சின் ஓடும்போது முள் மாறும், உண்மைதான். ஆனால் வெயில் ஏறினால் மாறும், ஃபேன் மெதுவாகச் சுற்றினால் மாறும், எக்ஸ்பான்ஷன் வால்வு அடைத்தால் மாறும், கம்ப்ரசர் தேய்ந்தாலும் மாறும். ஒரே ஒரு முள்ளை வைத்து இத்தனையில் எது என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் தெரிந்த மெக்கானிக் இரண்டு கேஜ் மாட்டுகிறார். குறைந்த அழுத்தப் பக்கம் ஒன்று, அதிக அழுத்தப் பக்கம் ஒன்று.

இரண்டாவது, கேஸ் அதிகமானாலும் ஆபத்து. கம்பெனி சொல்லும் அளவு கிராமில் இருக்கிறது. பல கார்களில் பானெட்டின் உள்பக்கம் ஸ்டிக்கரிலேயே எழுதியிருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் அழுத்தம் எகிறும், குளிர் குறையும், கம்ப்ரசர் திணறும். குறைவாக இருந்தாலும் ஆபத்து. ஆயிலைச் சுமந்து திரும்புவது கேஸ்தான். கேஸ் இல்லாவிட்டால் கம்ப்ரசருக்கு ஆயில் திரும்பாது. அதனால்தான் கேஸ் குறைந்தால் கம்ப்ரசரை நிறுத்திவிடும் பிரஷர் ஸ்விட்ச் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அந்த ஸ்விட்சுக்கு ஒயரை நேராகக் கொடுத்து ஓடவைப்பது, காய்ச்சல் அடிக்கிறது என்று தெர்மாமீட்டரை உடைப்பது போல!

மூன்றாவது, காற்றும் ஈரமும். கசிந்து காலியான ஏ.சி.க்குள் வெளிக்காற்று புகுந்திருக்கும். வேக்கம் பம்ப் போட்டு அரை மணி நேரமாவது இழுத்தால்தான் காற்று வெளியேறும், ஈரம் ஆவியாகிப் போகும். டப்பாவில் வேக்கம் பம்ப் இல்லை. ஈரம் உள்ளேயே நின்றால் வால்வில் ஐஸ் கட்டும், உலோகத்தை அரிக்கும்.

நான்காவது, உயிர். திரவக் கேஸ் கையிலோ கண்ணிலோ பட்டால் அந்த இடம் உறைந்து புண்ணாகும். கேனைத் தவறிப்போய் அதிக அழுத்தப் பக்கம் மாட்டினால் கேனே வெடிக்கலாம். டப்பாவில் எழுதியிருக்கும் கேஸ்தான் உள்ளே இருக்கிறது என்பதற்கு என்ன உத்தரவாதம்? 2011-ல் இந்தச் சந்தேகம் உயிரையே குடித்தது. தூத்துக்குடியிலிருந்து மீனும் இறாலும் ஏற்றிப் போகும் குளிர்பதனக் கன்டெய்னர்கள் தெரியுமல்லவா? அப்படிப்பட்ட கன்டெய்னர்களில், வியட்நாமில் சர்வீஸ் செய்தபோது, ஆர்-134ஏ என்ற பெயரில் போலிக் கேஸ் ஏற்றப்பட்டது. அதில் கலந்திருந்தது மெத்தில் குளோரைடு. அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருளாக மாறியது. கன்டெய்னர்கள் வெடித்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். கப்பல் கம்பெனிகளே ஏமாந்த இடத்தில், ஆன்லைனில் தள்ளுபடி விலையில் வாங்குபவர் எம்மாத்திரம்?

அமெரிக்காவில் செய்கிறார்களே!

இந்தக் கேள்வி வரும் என்பது தெரிந்ததுதான். அமெரிக்காவில் சின்ன கேன்களை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கலாம், உண்மை. ஆனால் தொழிலாகக் கார் ஏ.சி. சர்வீஸ் செய்பவருக்கு அங்கே சான்றிதழ் கட்டாயம். 2018 முதல் அந்தச் சின்ன கேன்களில்கூட, கழற்றியதும் தானாக மூடிக்கொள்ளும் வால்வு இருக்க வேண்டும் என்று விதி வந்தது. ஐரோப்பா இன்னும் கடுமை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் கேன்களையே 2007-ல் தடை செய்துவிட்டது.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். இடம் இங்கே பிரச்சினை அல்ல. முறையாகப் பயின்ற ஒருவர் இரட்டை கேஜ், வேக்கம் பம்ப், எடைத் தராசு மூன்றையும் எடுத்துக்கொண்டு புதூரில் வேப்பமரத்தடிக்கு வந்து செய்தாலும் அது நல்ல வேலைதான். பளபளக்கும் கண்ணாடி ஷோரூமில் தராசு இல்லாமல் செய்தால் அது கெட்ட வேலைதான்.

ஜீரோ பாத்துக்கோங்க!

பெட்ரோல் பங்கில் பையன் என்ன சொல்வார்? “சார், ஜீரோ பாத்துக்கோங்க!” ஜீரோவிலிருந்து ஆரம்பிக்கிறதா என்று பார்க்காமல் நம் ஊரில் எவராவது பெட்ரோல் போடுகிறாரா? வத்தல் மூட்டையைக் கமிஷன் கடைக்குக் கொண்டுபோகும் கரிசல் விவசாயி தராசு முள்ளைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. ரேஷன் கடையில் நூறு கிராம் சீனி குறைந்தால் சண்டை வருகிறது. அதே மனிதர் காருக்குக் கேஸ் ஏற்றும்போது மட்டும் டீ குடிக்கப் போய்விடுகிறார். எத்தனை கிராம் ஏறியது? தெரியாது. பழைய கேஸ் எவ்வளவு இருந்தது? தெரியாது. பில்லில் என்ன எழுதியிருக்கிறது? பில்லே கிடையாது!

வணிகவியல் படிப்பவர்களுக்கு இதற்கு ஒரு பெயர் தெரிந்திருக்கும். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தை. ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்தே இதை விளக்கிக் கட்டுரை எழுதினார். 2001-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தரம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நல்ல சரக்கும் மோசமான சரக்கும் ஒரே விலைக்குப் போகும். கடைசியில் நல்ல சரக்கு விற்பவர் சந்தையைவிட்டே போய்விடுவார் என்பது அவர் வாதத்தின் சாரம். ஏ.சி. கேஸுக்கு இது அப்படியே பொருந்துகிறது. நிறமில்லாத பொருளை, மூடிய குழாய்க்குள், வாங்குபவர் பார்க்காத நேரத்தில் விற்கிறார்கள். ஒரு மணி நேரம் செலவழித்துக் கசிவைத் தேடும் மெக்கானிக்கும், ஐந்து நிமிடத்தில் ஏற்றி அனுப்பும் மெக்கானிக்கும் அன்றைக்கு ஒரே குளிர்ச்சியைத்தான் தருகிறார்கள். வித்தியாசம் அடுத்த சித்திரையில்தான் தெரியும்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஒருமுறை கேஸ் ஏற்ற 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வருஷத்துக்கு 6,000. கசிந்தது ஒரு ஓ-ரிங் என்றால் அந்த ரப்பர் வளையத்தின் விலை ஒரு டீ, வடைச் செலவு. தேடிக் கண்டுபிடித்து மாற்ற, கூலியோடு சேர்த்து 3,000 என்றே வைத்தாலும் பாதி மிச்சம். நான்காவது வருஷம் ஆயில் இல்லாமல் கம்ப்ரசர் பிடித்துக்கொண்டால் அந்தச் செலவு இந்தக் கணக்குக்குள்ளேயே அடங்காது. மலிவு என்று நினைத்ததுதான் அதிக விலை.

சட்டம் வாங்குபவர் பக்கம் இருக்கிறது. 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்ற பொருளுக்கோ செய்த சேவைக்கோ பில் தராமல் இருப்பது நேர்மையற்ற வணிக நடவடிக்கை. கேட்க வேண்டியதுதான் பாக்கி.

வானத்துக்குப் போகும் கேஸ்

கசிந்தது எங்கே போகிறது? இதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது.

1930-ல் தாமஸ் மிட்க்லி என்ற அமெரிக்கர் ஒரு கூட்டத்தில் புதிய குளிர்பதன வாயுவை மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுவத்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது என்று நிரூபிக்க! அந்த சி.எஃப்.சி. குடும்பத்தைச் சேர்ந்த ஆர்-12 தான் பிறகு பல பத்தாண்டுகள் கார் ஏ.சி.களில் ஓடியது. 1974-ல் மொலினாவும் ரோலண்டும் இது மேலே போய் ஓசோனை அழிக்கும் என்று எழுதினார்கள். 1985-ல் அண்டார்டிகா மேலே ஓசோன் மெலிந்துகிடப்பதை பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. இந்தியாவில் 2003 ஜனவரி முதல் புதிய சாதனங்களில் சி.எஃப்.சி. கூடாது என்றானது. 2008 ஆகஸ்டில் உற்பத்தியும் நின்றது. அதுவரை அதைத் தயாரித்த இந்திய நிறுவனங்களில் நம் மேட்டூரில் இருக்கும் கெம்ப்ளாஸ்ட் சன்மாரும் ஒன்று.

ஆர்-12க்குப் பதிலாக வந்ததுதான் ஆர்-134ஏ. இது ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்கும். நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ ஆர்-134ஏ, சுமார் 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு காரில் இருக்கும் 450 கிராமும் காற்றில் போனால் சுமார் 640 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். அப்படியானால் 450 கிராம் கேஸ் சுமார் 280 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்குச் சமம்! லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் அது 4,200 கிலோமீட்டர். கோவில்பட்டி வழியாகப் போகும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையைக் கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை முழுதாக ஓட்டி முடித்துவிடலாம். வால்வைத் திறந்து ‘புஸ்’ என்று பழைய கேஸை வெளியே விடுவதற்கு எடுக்கும் நேரமோ ஒரு நிமிடம்.

இந்தியா 2021 செப்டம்பரில் கிகாலி திருத்தத்தை ஏற்றது. அதன்படி இந்த வகை வாயுக்களின் பயன்பாட்டை 2028-ல் உச்சவரம்பு போட்டு நிறுத்தி, 2032 முதல் படிப்படியாகக் குறைத்து, 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களில் ஆர்-134ஏ கிடையாது. அங்கே பரவலாக வந்திருக்கும் ஆர்-1234ஒய்எஃப் லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது. அந்தக் கேஸ் இங்கேயும் பரவும்போது, வாசலில் டப்பா மாட்டும் பழக்கம் இன்னும் ஆபத்தாகும்.

வண்டிகளோ கூடிக்கொண்டே போகின்றன. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். தீப்பெட்டிப் பண்டலும் கரிமூட்டையும் ஏற்றிக்கொண்டு, எஞ்சின் சூட்டில் வெந்துகொண்டே ஓட்டிய ஓட்டுநர்களுக்கு இது எப்போதோ கிடைத்திருக்க வேண்டிய நியாயம். ஆனால் அந்த லாரிகளும் இதே தூசியில்தான் ஓடப்போகின்றன. அவையும் ‘கேஸ் தீந்துபோச்சு’ வரிசையில் நிற்க வேண்டுமா?

மெக்கானிக் மட்டுமா குற்றவாளி?

இவ்வளவையும் படித்துவிட்டு எல்லா மெக்கானிக்கையும் திருடர் என்று முடிவு கட்டினால் அது அநியாயம். கசிவு தேட நேரம் வேண்டும். நைட்ரஜன் அடித்துச் சோதிக்க வேண்டும், இணைப்பு இணைப்பாகச் சோப்பு நுரை வைத்துப் பார்க்க வேண்டும். கூலிங் காயிலில் ஓட்டை என்றால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும். “அதுக்கு இவ்வளவா? கேஸ மட்டும் ஏத்தி விடுப்பா, சாயங்காலம் மதுரைக்கு வாடகை இருக்கு” என்று சொல்வது யார்? நாம்தான். தேடியதற்குக் கூலி கொடுக்க மறுத்து, ஏற்றியதற்கு மட்டும் காசு கொடுத்தால், ஏற்றுகிறவர்தான் பிழைப்பார்.

அரசுக்கும் பங்கு இருக்கிறது. 2019-ல் வெளிவந்த இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் ஒரு லட்சம் ஏ.சி. தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் என்று இலக்கு வைத்தது. தமிழ்நாட்டு ஐ.டி.ஐ.களில் குளிர்பதனத் தொழிற்பிரிவு இருக்கிறது. ஆனால் பழைய கேஸை உறிஞ்சிச் சேமிக்கும் இயந்திரத்தை வாங்கும் அளவுக்குச் சின்ன ஊர் ஒர்க்ஷாப்புக்கு வசதி எங்கே? விளாத்திகுளம், எட்டயபுரம், புதூர் போன்ற இடங்களில் நான்கைந்து ஒர்க்ஷாப்புகள் சேர்ந்து ஓர் இயந்திரத்தைப் பகிர்ந்துகொள்ளக் கடனுதவி கொடுத்தால், புதூர்க்காரர் அருப்புக்கோட்டைக்கு ஓடவும் வேண்டாம், ஆன்லைன் டப்பாவைத் தேடவும் வேண்டாம்.

அதுவரைக்கும் கார் வைத்திருப்பவர் கையில் இருப்பது நான்கு கேள்விகள். எங்கே கசிகிறது? பழைய கேஸ் எவ்வளவு எடுத்தீர்கள்? எவ்வளவு நேரம் வேக்கம் போட்டீர்கள்? எத்தனை கிராம் ஏற்றினீர்கள்? நான்கையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒருவர் கேட்டால் விசித்திரமாகப் பார்ப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் தராசு வாங்கிவிடுவார்கள். பெட்ரோல் பங்கில் ‘ஜீரோ பாத்துக்கோங்க’ என்று சொல்லும் பழக்கமும் வாடிக்கையாளர் எட்டி எட்டிப் பார்த்ததால்தான் நிலைத்து நிற்கிறது.

வெயிலை யாராலும் குறைக்க முடியாது. கரிசல் தூசியையும் நிறுத்த முடியாது. ஆனால் அடுத்த சித்திரையில் “கேஸ் தீந்துபோச்சு அண்ணாச்சி” என்று யாராவது சொன்னால், திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்.

“தீந்துபோச்சா, கசிஞ்சுபோச்சா?”